கைக்குழந்தையோடு நீச்சல் குளத்தில் உடற்பயிற்சி

குழந்தை பிறந்த பிறகு உடற்பயிற்சிக்கு நேரமே இல்லை என்று சொல்லாத அம்மாவை நான் பார்த்ததில்லை. நேரம் கிடைத்தாலும் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? குளத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போகலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் கால் வைத்த நொடியிலிருந்து உங்கள் கைகள் குழந்தைக்குச் சொந்தம். கால், இடுப்பு, வயிறு, மூச்சு இவைதான் உங்கள் பங்கு. நீச்சலடிப்பது, கைகளுக்கான பயிற்சி எல்லாம் குழந்தை வேறொருவர் கையில் இருக்கும் நாளுக்கு.

என் மகளுக்குத் தலை நன்றாக நின்று, ஐந்தாம் மாதம் பிறந்த பிறகு ஆரம்பித்தோம். தடுப்பூசி எல்லாம் முடியும்வரை குளம் கூடாது என்று பலரும் சொல்வார்கள். அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையின் நிலை. ஆனாலும் தலை நிற்கும்வரை பொறுத்திருப்பது தாய்க்கு நல்லது என்பேன். தலையைத் தாங்கவே ஒரு கை போய்விட்டால் நிம்மதியாக ஓரடி எடுத்து வைக்க முடியாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, இதயக் கோளாறு, தோல் நோய், காதில் சீழ் என்று ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

உங்கள் உடம்புக்கும் கணக்கு உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு முழுசாக நின்றிருக்க வேண்டும், தையல் ஆறியிருக்க வேண்டும். வழக்கமாக ஆறாவது வாரப் பரிசோதனையில் மருத்துவர் பார்த்துச் சொல்வார். சிசேரியன் என்றால் இன்னும் சில வாரங்கள் ஆகலாம்.

தண்ணீரின் சூடு

இதில்தான் நான் ரொம்பக் கறார். நீச்சலடிப்பவர்களுக்கான சாதாரணக் குளத்தில் தண்ணீர் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கும். பெரியவர்களுக்கு அது சுகம். கைக்குழந்தைக்கு அது குளிர். அதற்கு 32 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். குழந்தையின் எடையோடு பார்த்தால் அதன் தோல் பரப்பு அதிகம், அதனால் உடம்புச் சூடு மளமளவென்று வெளியேறிவிடும். நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குச் சரியாக வராது. ஆகவே நடுக்கம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. குளத்து ஊழியரிடம் கேளுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தால் அதையே எடுத்துப் போய் நீங்களே பார்ப்பது இன்னும் நல்லது.

32 டிகிரித் தண்ணீரில் பிள்ளை சுகமாக இருக்கும்போது உங்களுக்குச் சீக்கிரம் வெப்பம் ஏறும். மூச்சிரைக்க வேகம் காட்டும் இடம் அது இல்லை. பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகத்தில் செய்யுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர் இறங்குவதற்கு முன்னும் ஏறிய பிறகும் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். வெந்நீர்த் தொட்டிப் பக்கம் குழந்தையோடு போகவே வேண்டாம்.

தண்ணீரின் தரம் இன்னொன்று. குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8 என்று குளத்துப் பலகையில் எழுதியிருந்தால் மனம் நிம்மதி. மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் குளோரின் நிறையப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த நெடியைத் தருகிறது. உள்ளரங்கக் குளத்தில் அது காற்றிலேயே தங்கிக் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். அன்றைக்கு நான் திரும்பிவிடுவேன். நாம் ஒவ்வொருவரும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்கினாலே பாதி சரியாகிவிடும்.

இறங்குவதற்கு முன்

பால் கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகியிருக்கட்டும். வயிறு நிறைந்த பிள்ளை தண்ணீரில் அசைந்தால் கக்கிவிடும், பசித்த பிள்ளை நிற்கவே விடாது. தூக்கம் முடிந்து பால் குடித்து விளையாடும் நேரம்தான் குளத்துக்கு ஏற்றது.

நீச்சல் டயபர் மலத்தை ஓரளவு தாங்கும், சிறுநீரைத் தாங்காது. அதனால் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வர வேண்டாம், இறங்கும் முன் மாட்டினால் போதும். தொடையைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பிடித்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு இருந்தால் எந்த டயபரும் உதவாது, குளம் வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சரியான அளவு குளோரின் உள்ள தண்ணீரிலும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். மற்றவர்களின் பிள்ளைகளும் அதே தண்ணீரில்தானே இருக்கிறார்கள்.

உடம்பில் எண்ணெய் பூசியிருந்தால் துடைத்துக் கழுவிவிடுங்கள், கையில் பிடிக்கவே முடியாதபடி வழுக்கும். திறந்தவெளிக் குளம் என்றால் காலை, மாலை மட்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் பூசுவதைவிட நிழலும் முழுக்கைச் சட்டையும் மேல். தரை வழுக்கும் என்பதால் உங்கள் காலுக்கு ரப்பர் அடிப்பகுதி உள்ள தண்ணீர்க் காலணி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கியவற்றில் உருப்படியாகப் பயன்பட்டது அதுதான்.

படிக்கட்டோ சரிவோ உள்ள குளமாகப் பாருங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பி ஏணியில் இறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது. ஏணி மட்டுமே இருந்தால் முதலில் நீங்கள் இறங்கி நின்று, கரையில் இருப்பவரிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். என் கணவர் டவலோடு கரையிலேயே உட்கார்ந்திருப்பார். இன்னொரு பெரியவர் இல்லாத நாளில் நான் போவதில்லை. தனக்குத் திடீரென்று கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்று ஒவ்வொரு தாயும் யோசித்துப் பார்க்க வேண்டும். தண்ணீரை உறிஞ்சும் துளைகள், சல்லடைகள் பக்கம் நிற்க வேண்டாம்.

இறங்கியதும் உடற்பயிற்சியைத் தொடங்காதீர்கள். பிள்ளையின் காலை நனைத்து, கையால் கொஞ்சம் தண்ணீர் அள்ளித் தோளில் விட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்ல உள்ளே நடங்கள். தண்ணீர் உங்கள் மார்புக்குச் சற்றுக் கீழே வரும் இடம்தான் வசதி. முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் பிள்ளையின் தோள் வரை தண்ணீருக்குள் இருக்கும். தோள் வெளியே ஈரமாக இருந்தால் காற்றுப் பட்டுக் குளிர்ந்துபோகும். உங்களுக்கும் இந்த ஆழம் நல்லது. இடுப்பளவுத் தண்ணீரில் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும், மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. பிரசவத்தில் தளர்ந்த மூட்டுகளுக்கு அது பெரிய ஆறுதல்.

பயிற்சிகள்

முதலில் நடை. பிள்ளையை முகத்துக்கு நேராக, இரண்டு அக்குளுக்கும் கீழே பிடியுங்கள். கட்டை விரல் முன்னால், மற்ற விரல்கள் முதுகில். முழங்கை உங்கள் விலாவை ஒட்டி இருக்கட்டும், தோளை உயர்த்த வேண்டாம். முன்னோக்கி நடந்துவிட்டு, பின்னோக்கி நடங்கள். பின்னோக்கி நடக்கும்போது தண்ணீர் பிள்ளையின் காலைத் தானாகப் பின்னே இழுத்து நீட்டிவிடும். உடனே உதைக்க ஆரம்பித்துவிடும். அதுதான் அதன் உடற்பயிற்சி. உங்களுக்கு முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும், பாதம் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு நடங்கள்.

அடுத்தது உட்கார்ந்து எழுதல். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, நாற்காலியில் உட்காருவது போலப் பின்புறத்தைத் தள்ளி இறங்குங்கள். இங்கே கவனிக்க வேண்டியது கைகள். நீங்கள் இறங்கும்போது பிள்ளையும் கூடவே இறங்கினால் முகம் தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே நீங்கள் எவ்வளவு இறங்குகிறீர்களோ அவ்வளவு கை மேலே வர வேண்டும். பிள்ளையின் தாடை எப்போதும் தண்ணீருக்கு மேலே ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் பாதி ஆழம் இறங்கிப் பழகுங்கள். எழும்போது மூச்சை வெளியே விட்டு, சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தளத் தசையை மேலே இழுங்கள். இறங்கும்போது மூச்சு உள்ளே, தசை தளர்வு. எட்டு முறை, கொஞ்சம் நடை, மறுபடி எட்டு முறை.

நான் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சத்தமாக எண்ணி மூன்றில் எழுவேன். இப்போது "இரண்டு" என்றதும் என் மகள் கண் இமைக்காமல் என் வாயையே பார்க்கிறாள். "மூன்று" வருவதற்கு முன்பே அவள் கால் இரண்டும் உதைக்கத் தொடங்கிவிடும். நீங்களும் ஒரே சொல், ஒரே ராகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பிள்ளை பயப்படாது.

பக்கவாட்டு நடைக்குப் பிள்ளையை முதுகு உங்கள் மார்பில் சாய, முகம் வெளியே பார்க்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கை மார்புக்குக் குறுக்கே, மறு கை அடியில். மிதக்கும் பந்து ஒன்றைத் தண்ணீரில் விட்டால் அதைப் பிடிக்கக் கை நீட்டும். பந்து போகிற திசையிலேயே நீங்கள் பக்கவாட்டில் அடி வையுங்கள். இதே பிடியில் நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தித் தாழ்த்தலாம்.

வயிற்றுக்கு: முதுகைக் குளத்துச் சுவரில் சாய்த்து நில்லுங்கள். பிள்ளை மல்லாந்து, தலை உங்கள் தோளில், உங்கள் கன்னத்தோடு கன்னம். மூச்சை விட்டபடி ஒரு முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள், பிறகு மறு கால். சில பிள்ளைகளுக்குக் காது நனைந்தால் பிடிக்காது. என் மகளும் அப்படித்தான், கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் சமாதானமாகிவிடுவாள். வயிற்றுத் தசை நடுவில் பிரிந்து, தொட்டால் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தாலோ, கால் தூக்கும்போது நடுவயிறு கூம்பாகப் புடைத்தாலோ இந்தப் பயிற்சியை விட்டுவிட்டுப் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். சிறுநீர் கசிவதும், கீழே ஏதோ இறங்குவது போன்ற கனமும் அப்படியே. பிரசவமானால் இதெல்லாம் சகஜம் என்று யாராவது சொன்னால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

முதல் தடவை பத்து நிமிடம் போதும். பழகிய பிறகு இருபது. ஒரு வயது வரை அரை மணியைத் தாண்ட வேண்டாம். ஆனால் கடிகாரத்தைவிடப் பிள்ளையைப் பாருங்கள். உதடு நிறம் மங்குதல், கை கால் தோலில் திட்டுத் திட்டாகத் தெரிதல், முஷ்டியை இறுக்கிக்கொண்டு உங்கள் தோள்பட்டையைப் பற்றுதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் இவற்றில் எது தெரிந்தாலும் எண்ணிக்கை பாதியில் இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் தூக்கம் என்று நினைக்காதீர்கள், குளிராகவும் இருக்கலாம்.

பிள்ளையைத் தண்ணீரில் முக்கவே வேண்டாம்

பச்சைக்குழந்தைக்குத் தானாகவே நீந்தத் தெரியும், முக்கினால் மூச்சை அடக்கிக்கொள்ளும் என்று சொல்பவர்கள் எந்தக் குளத்திலும் இருப்பார்கள். முகத்தில் தண்ணீர் பட்டால் சிறிது நேரம் மூச்சு நிற்பது ஒரு அனிச்சைச் செயல், மாதங்கள் போகப்போக அது மங்கிவிடும். அதற்கு நீச்சலோடு சம்பந்தமில்லை. முக்கினால் பிள்ளை தண்ணீரை விழுங்கும். நிறைய விழுங்கினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புவரை போகலாம். ஒரு வயதுக்குள் நீச்சல் வகுப்புக்கு அனுப்பினால் மூழ்கும் ஆபத்து குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் சொல்கிறது. நாம் போவது பிள்ளையின் சந்தோஷத்துக்கும் நம் உடம்புக்கும்தான்.

கழுத்தில் மாட்டும் காற்று வளையம் வேண்டவே வேண்டாம். அது கையை விடுவித்துத் தருகிறது என்றுதான் விற்கிறார்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதைச் சிகிச்சை என்ற பெயரில் மாட்டக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது, ஒரு குழந்தை இறந்துபோன தகவலையும் சொன்னது. காற்றடித்த கைப்பட்டை, டியூப், உட்கார வைக்கும் மிதவை எல்லாம் விளையாட்டுச் சாமான்கள், பாதுகாப்புச் சாதனங்கள் இல்லை. மூழ்கும் குழந்தை கத்தாது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அதனால்தான் கைகள் பிள்ளைக்கு என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

வெளியே வந்ததும்

முதலில் பிள்ளை, பிறகுதான் நீங்கள். தலையோடு டவலில் சுற்றி, ஈர உடையைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் குளோரின் போகக் கழுவி, கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு எல்லாம் ஒற்றித் துடைத்து உடை மாட்டுங்கள். காதை டவல் நுனியால் வெளியே மட்டும் துடைத்தால் போதும், பஞ்சுக் குச்சி உள்ளே போக வேண்டாம். பால் கொடுக்கும் முன் உங்கள் மார்பையும் நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள். அன்று பிள்ளை வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கும், அதிகமாகத் தூங்கும். தண்ணீர் புரையேறியிருந்து, பிறகு இருமல் நிற்காமல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்தே கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், காலையில் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.