தீர்த்தன் ஆத்துக்கு ட்ரவுட் பிடிக்க கூட்டமா போறவங்களுக்கு

ட்ரவுட்ங்கறது குளுந்த தண்ணியில வாழற மீன், ஃப்ளை ஃபிஷிங்னா பூச்சி மாதிரி கட்டின முள்ள (அதுதான் ஃப்ளை) வீசி அதப் பிடிக்கறது. அதுக்கு ட்ரிப் ப்ளான் பண்றப்போ எல்லாரும் முதல்ல ராடு, அதான் தூண்டில் கம்பு, என்ன விலைன்னுதான் கேக்கறாங்க, நான் முதல்ல கேக்கறது எத்தன பேரு வர்றீங்கன்னு. ஆறு பேருக்கு மேல வேண்டாங்க. இமாச்சல்ல குல்லு மாவட்டத்துல ஓடுற தீர்த்தன் ஒண்ணும் காவிரி மாதிரி அகலம் இல்ல, பாறைக்கு நடுவுல நுரைச்சுக்கிட்டு வர்ற ஆறு, தண்ணி அவ்ளோ தெளிவு, நீங்க மீனைப் பாக்கறதுக்கு முன்னாடி அது உங்களப் பாத்துரும். பத்து பேரு ஒரே மடுவுல எறங்கிட்டா அன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் மாட்டாது.

எப்போ போறது? நவம்பர்ல இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் தடை. பிரவுன் ட்ரவுட் கூழாங்கல்லுக்குள்ள முட்டை வைக்கிற காலம் அது, நாம சும்மா நடந்தாலே நசுங்கிரும். மார்ச், ஏப்ரல் நல்லா இருக்கும். மே கடைசியில வெயில் ஏற ஏற மலையில பனி உருகி மத்தியானத்துக்கு மேல தண்ணி கலங்கி ஏறும், அதனால விடிகாலையிலயே எறங்கிரணும். ஜூலை ஆகஸ்ட் மழை, கிட்டயே போகாதீங்க. என்னக் கேட்டா செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான், தண்ணி வத்தி தெளிஞ்சு நிக்கும்.

டெல்லில ராத்திரி மணாலி பஸ் ஏறி, ஔட் டனலுக்கு முன்னாடியே எறக்கி விடச் சொல்லி கண்டக்டர்கிட்ட ஏறும்போதே சொல்லி வைங்க. அங்க இருந்து ஜீப்புல பஞ்சார், அப்புறம் ஆத்தோரத்துல இருக்கற குஷைனி கிராமம். காசு பஞ்சார்லயே எடுத்துக்கோங்க. மீன்வளத்துறை லைசென்ஸ் ஆளுக்கு ஒண்ணு, ஒருத்தர் லைசென்ஸ்ல நாலு பேரு பிடிக்கறது கூடவே கூடாது. கிரேட் ஹிமாலயன் நேஷனல் பார்க் உள்ள போகணும்னா அதுக்குத் தனி பர்மிட்.

சாமான்னா 9 அடி ராடு, 4 இல்லேன்னா 5 வெயிட் (எந்த கனத்து லைனுக்கான ராடுன்னு சொல்ற நம்பர்), மிதக்குற லைன், நுனியில மெல்லிசு தங்கூசி. நம்ம ஊர்ல தூண்டில்ல ஈயக்குண்டு வெச்சு எறிவோம்ல, இதுல அது கிடையாது, ஃப்ளைக்கு எடையே இல்ல, லைனோட எடைதான் அதத் தூக்கிட்டுப் போகும். அதனால முதல் தடவை வர்றவங்க ஊர்லயே மைதானத்துல ஒரு வாரம் வீசிப் பழகிட்டு வாங்க, தூரமா வீசணும்னு கூட இல்ல, முப்பது அடிக்குள்ள மெதுவா எறக்கத் தெரிஞ்சா போதும். பின்னாடி மரம் இருக்கற எடத்துல, லைனப் பின்னாடி வீசாம தண்ணி மேலயே உருட்டி முன்னாடி அனுப்புற ரோல் காஸ்ட்தான் கைகொடுக்கும். பெரும்பாலும் தண்ணிக்கு அடியில போற நிம்ஃப்தான் (இன்னும் றெக்கை முளைக்காத பூச்சி மாதிரி கட்டின ஃப்ளை) வேலை செய்யும், பூச்சி மேல பறக்கறப்போ மட்டும் மிதக்குற ஃப்ளைக்கு மாத்துங்க.

இப்போ கூட்டத்தப் பிரிக்கறது, இதத்தான் நல்லா கவனிக்கணும். ரெண்டு ரெண்டு பேரா பிரியுங்க, ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவுல அரை கிலோமீட்டராவது இருக்கட்டும். ட்ரவுட் தண்ணி வர்ற திசையப் பாத்துதான் நிக்கும், சாப்பாடு அந்தப் பக்கம் இருந்துதானே வருது, அதனால கீழ இருந்து மேல நடங்க, முதுகுப் பக்கமா வர்ற உங்கள அது பாக்காது. ஜோடில ஒருத்தர் வீசட்டும், இன்னொருத்தர் பின்னாடி நின்னு பாக்கட்டும், ஒரு மீன் மாட்டினா இல்ல இருபது நிமிஷம் ஆனா கை மாத்திக்கோங்க. புதுசா வந்தவர எப்பவும் பழகினவரோட சேருங்க. மேல இருக்கற ஜோடியத் தாண்டிப் போகணுமா, கரை ஏறி ரோட்டு வழியா சுத்திப் போங்க, ஆத்துக்குள்ள நடந்து கலக்கிட்டுப் போனா அவங்களோட அன்னிக்குப் பொழுதே போச்சு.

தண்ணி முழங்காலுக்கு மேல போற எடத்துக்குப் போகாதீங்க. பனித்தண்ணி கால மரத்துப் போக வெச்சிரும், பாறையெல்லாம் பாசி, கையில ஒரு கம்பு இருக்கட்டும். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம், காத்து திரும்பினா முள்ளு நேரா மூஞ்சிக்குத்தான் வரும்.

பிடிச்ச மீன திரும்ப ஆத்துலயே விடப்போறோம், அதனால முள்ளோட நுனியில பின்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கற குட்டி எதிர்முள்ள ப்ளையர்ல அமுக்கி விட்ருங்க, கழட்ட ஈஸியா இருக்கும். மீனைத் தொடறதுக்கு முன்னாடி கைய நனைச்சுக்கோங்க, காஞ்ச கை பட்டா அது மேல இருக்கற வழவழப்பு போயி சீக்கு வந்துரும். செவுள்ல விரல் விடவே கூடாது. போட்டோ எடுக்க கேமராவ முதல்ல ரெடி பண்ணிட்டு அப்புறம் தூக்குங்க, நீங்க மூச்சப் பிடிக்கிற நேரந்தான் அதுக்கும். விடும்போது ஓட்டத்தப் பாத்து தலை இருக்கற மாதிரி தண்ணியிலயே தாங்கிப் பிடிங்க, தெம்பு வந்ததும் அதுவே போயிரும்.

ட்ரவுட் சாப்பிடணும்னு ஆசையா, அந்தப் பள்ளத்தாக்குலயே பண்ணை இருக்கு, ரெயின்போ ட்ரவுட் கிடைக்கும். தங்கற வீட்டுல காலையிலயே சொல்லிட்டு ஆத்துக்குக் கெளம்புங்க, சாயங்காலம் பொரிச்சு வெச்சிருப்பாங்க.