இஸ்ரவேல் ஆசாரியர் வரலாறு: எழுத வருபவர்கள் வழுக்கும் இடங்கள்

மாணவர் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் அடித்த கூத்துகளே வேறு வேறு கையெழுத்தில் வந்து நிற்கின்றன. பெயர்ப்பிழை, ஆண்டுப்பிழை எல்லாம் தாமாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆசாரியர் விதிகள் அடங்கிய லேவியராகமத்திலிருந்து தொடங்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மோசேயின் அண்ணன் ஆரோனின் வழியினர் ஆசாரியர், லேவி கோத்திரத்தின் மற்றவர்கள், அதாவது மற்ற லேவியர், அவர்களுக்குப் பணிவிடைக்காரர் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அந்த ஏற்பாட்டை எல்லா நூற்றாண்டுகளுக்கும் பூசிவிடுகிறார்கள். என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே இப்படித்தான் இருந்தது. வழிகாட்டி எதுவும் பேசாமல் வேதாகமத்தில், அரசர்களுக்கு முந்தைய காலத்தைச் சொல்லும் நியாயாதிபதிகள் நூலின் 17ஆம் அதிகாரத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

எப்பிராயீம் மலைநாட்டு மீகா, தன் வீட்டுச் சன்னதிக்குப் பெற்ற மகனையே ஆசாரியனாக்குகிறான். பிறகு பெத்லகேமிலிருந்து பிழைப்புத் தேடி வந்த லேவியன் ஒருவனை, ஆண்டுக்குப் பத்து வெள்ளிக்காசு, உடுப்பு, சாப்பாடு என்று பேசி அமர்த்துகிறான். லேவியன் கிடைத்தால் விசேஷம். கிடைக்காவிட்டாலும் பூசை நிற்காது. ஆரோனின் பெயரே அங்கு வரவில்லை. என் எட்டு மாத உழைப்பு குப்பைக்குப் போயிற்று.

ஆசாரியர், லேவியர் என்ற பிரிவினை பிறகு வந்தது. உபாகமம் 'லேவியராகிய ஆசாரியர்' என்று இருவரையும் ஒன்றாகவே பேசுகிறது. கி.மு. 622 வாக்கில் யூதாவின் அரசன் யோசியா, எருசலேமுக்கு வெளியே இருந்த ஊர்ச் சன்னதிகளான மேடைக் கோயில்களை மூடியபோது, அங்கிருந்த ஆசாரியர் எருசலேமில் புளிப்பில்லா அப்பம் சாப்பிடலாம், பலிபீடத்தில் ஏறக்கூடாது என்றானது. எசேக்கியேல் 44 தாவீது கால ஆசாரியன் சாதோக்கின் வழிவந்த 'சாதோக்கின் புத்திரரை' மட்டும் மேலே வைத்து லேவியரைக் கீழே இறக்குகிறது. பாபிலோனிலிருந்து திரும்பியோர் பட்டியலை எஸ்றா 2இல் கூட்டிப் பாருங்கள்: ஆசாரியர் 4,289, லேவியர் 74. எடுபிடி வேலைக்கு யார் அவ்வளவு தூரம் நடப்பார்கள்?

பலி மட்டுமே அவர்கள் தொழில் என்பது

இல்லை. ஊரீம், தும்மீம் என்ற திருவுளச் சீட்டுப் பொருட்களைக் கொண்டு தெய்வ சித்தம் கேட்டுச் சொன்னதும், சட்டம் போதித்ததும் அவர்களே.

அரசனுக்கு நிகராகப் பிரதான ஆசாரியனை நிறுத்துவது

அரசர் காலத்துக்கு வேண்டாம். சாலொமோன் அரசன், தன் தந்தை தாவீதின் ஆசாரியனாயிருந்த அபியத்தாரை ஆனதோத் என்ற ஊருக்கு விரட்டியபோது தடுக்க ஆளில்லை.

மொழிபெயர்ப்போடு நின்றுவிடுவது

2 சாமுவேல் 8:18இல் தாவீதின் மகன்களைப் பழைய தமிழ் வேதாகமம் 'பிரதானிகள்' என்கிறது. எபிரேயத்தில் இருக்கும் சொல் 'கோஹனீம்', அதாவது ஆசாரியர்கள். லேவியரே அல்லாத, யூதா கோத்திரத்து இளவரசர்கள்! அதே வரலாற்றைப் பின்னர் திரும்பச் சொல்லும் நாளாகமம் நூலை எழுதியவருக்கும் இது தொண்டையில் சிக்கியிருக்க வேண்டும். அதே வரியை, அரசன் அருகே முதலிடத்தில் இருந்தவர்கள் என்று மாற்றி எழுதிவிட்டார்.