பிராங்கன்ஸ்டைனில் அரக்கன் எந்தப் பக்கத்தில் பிறக்கிறான்? இரண்டு பென்சிலில் ஒரு வாசிப்பு

கோதிக் நாவல் (திகிலும் மர்மமும் கலந்த நாவல்) பாடத்தில் தவறாமல் வரும் கேள்வி இது: தோற்றமும் கோபமும் சேர்ந்து அரக்கனை எப்படி உருவாக்குகின்றன? மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை வைத்து இதற்கு விடை எழுத நான் கையாளும் முறையைச் சொல்கிறேன். கதைச் சுருக்கம் இதில் கிடையாது. நாவலை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

படி 1: பதிப்பு. 1818-இல் ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது ஒன்று, 1831-இல் ஷெல்லியே திருத்தி வெளியிட்டது இன்னொன்று. எதை எடுத்தாலும் சரி, பாதியில் மாற்றாதீர்கள். என் கையில் இருப்பது 1831. அச்சுப் புத்தகமாக இருந்தால் நல்லது. முன்னும் பின்னும் புரட்டி ஒப்பிடும் வேலைக்கு கிண்டில் ஒத்துவராது. அப்புறம், 1931 படத்தில் போரிஸ் கார்லாஃபுக்குப் போட்ட தட்டைத் தலையையும் கழுத்து ஆணிகளையும் மறந்துவிடுங்கள். நாவலில் அவை இல்லை.

படி 2: நீலப் பென்சில், தோற்றத்துக்கு. 5-ஆம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப் பற்கள் எல்லாம் விக்டர் பிராங்கன்ஸ்டைன் தான் உருவாக்கும் உயிருக்காக அழகு பார்த்துப் பொறுக்கியவைதான். தசையைச் சரியாக மூடாத மஞ்சள் தோலும் நீர் கோத்த கண்களும் கறுத்த உதடும் பக்கத்தில் வந்ததும் அந்த அழகே அருவருப்பாகிவிடுகிறது. கோடு போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் 'பார்ப்பவர் யார்?' என்று குறியுங்கள். குடிசையில் வாழும் பார்வையற்ற முதியவர் டி லேசி மட்டும் அன்பாகப் பேசுவது அப்போதுதான் உறைக்கும். 10-ஆம் அத்தியாயத்தில் விக்டர் உருவாக்கிய அந்தப் படைப்பு தன் கைகளாலேயே விக்டரின் கண்களை மறைக்கிறது: என்னைப் பார்க்காதே, நான் சொல்வதைக் கேள்!

பலரும் சிக்கிக்கொள்வது 11 முதல் 16 வரையிலான அத்தியாயங்களில். பேசுவது படைப்பு, அதைத் துருவப் பயணி வால்டனிடம் திருப்பிச் சொல்வது விக்டர், எழுதி வைப்பது வால்டன். ஓரக் குறிப்பு குழம்பிவிடும். அதனால் 'பார்த்தவர் / சொல்பவர்' என்று இரண்டு பெயர் எழுதுங்கள். குளத்து நீரில் தன் முகத்தையே கண்டு படைப்பு திடுக்கிடும் இடத்தில் பார்த்தவரும் அதுதான். அதற்குள் குடிசைவாசிகளின் அழகைப் பார்த்துப் பழகிய கண் அது.

படி 3: சிவப்பு, கோபத்துக்கு. கோபத்துக்கு முந்தைய பத்தியையும் சேர்த்துக் கோடிடுங்கள். டி லேசியின் மகன் ஃபீலிக்ஸ் கம்பால் அடிக்கும்போது படைப்பு திருப்பி அடிக்கவில்லை. குடும்பம் வீட்டைக் காலி செய்து போன பிறகுதான் குடிசை எரிகிறது. ஆற்றில் விழுந்த சிறுமியைக் காப்பாற்றியதற்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. மனித குலத்தையே வெறுக்கும் சபதம் அதற்குப் பிறகு. ஆக, அரக்கன் என்ற தீர்ப்பு முன்னால், கோபம் பின்னால்.

ஆனால் எல்லாவற்றையும் இதில் அடக்கிவிட முடியாது. விக்டர் வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டின் தூங்கும்போது, கொலைப் பழி அவள்மேல் விழும்படி அவள் உடை மடிப்பில் பதக்கத்தைப் படைப்பு வைப்பது ஆத்திரமல்ல, நிதானமான சூழ்ச்சி. அங்கே நான் சிவப்பு போடுவதில்லை.

படி 4: விக்டருக்கும் அதே சிவப்பு. பனிமலையில் முதலில் ஆத்திரத்தோடு பாய்வது விக்டர். விலகிக்கொண்டு, பொறுமையாகக் கேள் என்பது படைப்பு. அதே ஆத்திரம் விக்டரிடம் இருந்தும் அவனை யாரும் அரக்கன் என்பதில்லையே, ஏன்? உங்கள் கட்டுரையை இந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: அத்தியாய எண் பொருந்தவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். உங்களிடம் இருப்பது 1818 பதிப்பு. அதில் 5 என்பது முதல் பாகம் 4. 10 என்பது இரண்டாம் பாகம் 2. 11–16 என்பது இரண்டாம் பாகம் 3–8.