நண்பர்களோடு முதல் மலை: ராயக்கோட்டையில் ஏறிப் பழகுங்கள்

நாங்கள் முதன்முதலாக ராயக்கோட்டை மலை ஏறிய அன்று மொத்தம் பதினோரு பேர், மூன்று தண்ணீர் பாட்டில், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். ஓசூரில் நிதானமாகப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்தும்போது மணி பத்தரை. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது ஆறு பேர்தான். மற்ற ஐந்து பேர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது. அதில் ஒருவன் முந்தின நாள் சாயங்காலம் வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். ஷூவைப் போட்டால் குதிகால் எரிகிறது, கழற்றினால் பாறை சுடுகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, மலை ஏற இது ஒரு நேரமா?"

அதற்குப் பிறகு அதே மலைக்குப் பலமுறை போயிருக்கிறேன். புதிதாக வரும் நண்பர்களை இப்போதும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறேன். அன்று செய்த தப்புகளிலிருந்து கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: சின்ன மலையாகப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மலைக்குப் பஞ்சமே இல்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு பாறைக்குன்று வரும், பாதிக் குன்றுகளில் இடிந்த மதில் தெரியும். பாராமகால் என்று பழைய ஆவணங்களில் வரும் சீமை இதுதான். ராயக்கோட்டை 1791இல், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, திப்புவின் ஆட்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்த கோட்டை. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது.

வரலாறு இருக்கட்டும், புதியவர்களுக்கு இந்த மலை ஏன் நல்லது என்றால் அடிவாரத்திலேயே ஊர் இருக்கிறது. ஏறும்போது திரும்பிப் பார்த்தால் வீடுகள் தெரியும், ஹாரன் சத்தம் கேட்கும். யாருக்காவது முடியவில்லை என்றால் கீழே கூட்டிவந்து டீக்கடையில் உட்கார வைத்துவிடலாம். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். தருமபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக வரலாம். சேலம்–ஓசூர் ரயில் பாதையில் ராயக்கோட்டைக்கு ஸ்டேஷனும் உண்டு. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுவரில் பெயர் கிறுக்குவது அசிங்கம் மட்டுமில்லை, தண்டனைக்குரிய குற்றமும்கூட.

படி 2: ஆட்களைக் குறையுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் "யார் யார் வரீங்க?" என்று கேட்டால் இருபது கை உயரும். முதல் தடவைக்கு நான்கிலிருந்து ஆறு பேர் போதும். நான்குக்குக் கீழே வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க வேண்டும், மற்ற இரண்டு பேர் சேர்ந்து உதவிக்குக் கீழே போக வேண்டும். ஆறுக்கு மேலே போனால் தலை எண்ணுவதே வேலையாகிவிடும்.

போகுமுன் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள். "என்னால முடியல, திரும்பலாம்" என்று யார் சொன்னாலும் எல்லோரும் திரும்ப வேண்டும். அதற்கு ஓட்டெடுப்பு கிடையாது, கிண்டல் கிடையாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மருந்தும் அவர்கள் பையிலேயே இருக்க வேண்டும்.

சரக்கு எடுத்துவரும் ஆளை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பாறை இடுக்குகளில் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, அதே வழியில்தான் ஆடுகளும் போகின்றன.

படி 3: இறங்கும் நேரத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

புதியவர்கள் எல்லோரும் "எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் "எத்தனை மணிக்குக் கீழே இருக்கணும்?" என்று ஆரம்பிப்பேன். ராயக்கோட்டை வெறும் பாறை. பத்து மணிக்கு மேல் வெயில் தலையிலும் அடிக்கும், காலடியிலிருந்தும் எழும். அதனால் கீழே இருக்க வேண்டிய நேரம் பத்தரை என்று வைத்துக்கொள்வோம்.

பழகாதவர்கள் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆகவே ஒன்பதேகாலுக்கு உச்சியை விட்டுக் கிளம்ப வேண்டும். மேலே முக்கால் மணி நேரம் உட்கார வேண்டாமா? அப்படியென்றால் எட்டரைக்குப் போய்ச் சேர வேண்டும். நின்று நின்று ஏற ஒன்றரை மணி நேரம் வைத்தால் ஏழு மணிக்குக் காலெடுத்து வைக்க வேண்டும். ஒருவன் எப்படியும் அரை மணி நேரம் தாமதமாக வருவான், அதனால் ஆறரை என்று சொல்லிவையுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பைக்கில் வருபவர்கள் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.

ஒன்பதேகால் என்பது கறாரான நேரம். அப்போது உச்சிக்கு இன்னும் பத்து நிமிடம்தான் பாக்கி என்றாலும் நின்ற இடத்திலிருந்தே திரும்ப வேண்டும். மனசு கேட்காது, தெரியும். நானே இரண்டு முறை அப்படித் திரும்பியிருக்கிறேன். மலை அங்கேதான் இருந்தது, அடுத்த மாதம் போய் ஏறினோம்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல பருவம். ஆனால் மார்கழி, தை விடியலில் ஓசூர் பக்கம் பனி மூட்டம் பலமாக இருக்கும். தக்காளி ஏற்றிய வண்டிகளும் அந்த நேரத்தில்தான் மண்டிக்கு ஓடும். பைக்கில் வந்தால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாருங்கள். மழை பெய்த மறுநாள் போக வேண்டாம், பாசி படிந்த கல்லில் எந்த ஷூவும் நிற்காது.

கிளம்பும்போது வீட்டில் ஒருவருக்கு மெசேஜ் போடுங்கள்: எந்த மலை, யார் யார், எத்தனை மணிக்குக் கீழே வருவீர்கள், எத்தனை மணி வரை போன் வராவிட்டால் தேட வேண்டும். நான்கு வரி போதும்.

படி 4: ஷூ

ட்ரெக்கிங் ஷூ என்று நாலாயிரம் ஐயாயிரம் செலவு செய்ய வேண்டாம். அடிப்பகுதியில் பள்ளம் தேயாத, ஒரு மாதமாவது போட்டுப் பழகிய சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். தடித்த சாக்ஸ் ஒரு ஜோடி. கால் நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள், இறங்கும்போது விரல் நுனி ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வரும்.

லேஸ் கட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் ஷூவை எடுத்துப் பாருங்கள். மேலே கடைசியில், மற்ற துளைகளின் வரிசையில் இல்லாமல் கணுக்கால் பக்கம் தள்ளி ஒரு துளை இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடவே மாட்டோம். வழக்கம்போலக் குறுக்காகக் கோத்துக்கொண்டே வந்து, கடைசியில் லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்தில் இருக்கும் அந்தத் துளைக்குள் விடுங்கள். இரண்டு பக்கமும் காது மாதிரி ஒரு சின்ன வளையம் நிற்கும். இப்போது வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும், இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் ஷூவுக்குள் மேலும் கீழும் நழுவாது. கொப்புளமும் குறையும், இறங்கும்போது விரலும் இடிக்காது. இது அன்றைக்கே தெரிந்திருந்தால் எங்கள் ஆள் பாதி அழுகையோடு தப்பித்திருப்பான்.

படி 5: பை

இரண்டு தோளிலும் மாட்டும் பைதான் வேண்டும். கையில் கவர், தோளில் சைடு பேக் எல்லாம் ஆகாது. பாறையில் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் மூன்று. தொப்பி, டார்ச், பவர் பேங்க், கிரேப் பேண்டேஜ், பிளாஸ்டர், ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு. பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடக் குறையக் கூடாது.

சாப்பாட்டுக்கு என் ஓட்டு புளிசாதத்துக்குத்தான். கெடாது, குழம்பு தேவையில்லை, ஆறினாலும் ருசி. கூட அவித்த நிலக்கடலை, கடலை உருண்டை, ஆரஞ்சு. சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். அதன் சரசரப்பு கேட்டால் குரங்குகள் வந்து பையையே தூக்கிக்கொண்டு போய்விடும். குப்பை எல்லாம் வந்த பையிலேயே திரும்ப வேண்டும்.

படி 6: ஏறும்போது

வழி பழகியவர் முன்னால், மெதுவாக நடப்பவர் அவருக்கு அடுத்து, திடமான ஆள் கடைசியில். மெதுவானவரைக் கடைசியில் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? முன்னால் போனவர்கள் அவருக்காக உட்கார்ந்து இளைப்பாறியிருப்பார்கள், அவர் வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாமா?" என்பார்கள். பாவம், அவருக்கு ஓய்வே கிடைக்காது.

பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நிற்கலாம். தாகம் எடுக்கக் காத்திராமல் இரண்டு இரண்டு மடக்காகக் குடியுங்கள்.

கையை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் விரலை விடாதீர்கள். நம் பக்கத்துப் பாறைக் காடுகளில் சுருட்டை விரியன் உண்டு. பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கையோ காலோ அசையாமல் வைத்து, 108க்குக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பாறை விளிம்பில் மலைத்தேன் அடை தொங்கினால் சத்தம் போடாமல் விலகிப் போய்விடுங்கள். அங்கே ஸ்பீக்கரும் சிகரெட் புகையும் வினையை விலைக்கு வாங்குவதுதான். சித்திரை, வைகாசியில் இடி முழக்கம் கேட்ட உடனே இறங்க ஆரம்பியுங்கள். மொட்டைப் பாறையில் உயரமான பொருள் நீங்கள்தான்.

படி 7: இறங்கும்போது

பயம் ஏறும்போது, விபத்து இறங்கும்போது என்று எங்கள் செட்டில் ஒரு பேச்சு உண்டு. கால் ஓய்ந்திருக்கும், கவனம் வீட்டுக்குப் போயிருக்கும். சரிந்த பாறையில் எல்லோரும் இயல்பாகவே பயந்து உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலை ஊன்றுவார்கள், அங்கேதான் வழுக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பின் பாரம் பாதத்துக்கு நேர் மேலே இருக்கும்படி நின்று, பாதம் முழுவதும் பாறையில் படும்படி வையுங்கள். எட்டுகள் சின்னதாக இருக்கட்டும். சரிவு அதிகமானால் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் உட்கார்ந்து நகருங்கள், பேன்ட் கிழிந்தால் கிழியட்டும்.

பாறை மேல் சிதறிக் கிடக்கும் பொடிக்கல்லைக் கவனியுங்கள். ரோட்டில் காயப்போட்ட கேழ்வரகின் மேல் வண்டி ஓட்டிய அனுபவம் இருந்தால் அது எப்படி இருக்கும் என்று புரியும். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் வராதீர்கள், கல் உருண்டால் "கல்லு!" என்று கத்துங்கள். செல்ஃபி எடுப்பதென்றால் நின்று, உட்கார்ந்து, விளிம்பிலிருந்து இரண்டு ஆள் தூரம் தள்ளி எடுங்கள்.

அடுத்து எங்கே?

இரண்டு மூன்று முறை ராயக்கோட்டை ஏறியபின் வத்தல்மலைக்குப் போகலாம். தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். காபி, மிளகு, சில்வர் ஓக் மரங்கள், இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் இறங்கும்போது எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடாதீர்கள். இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. மேலே இருப்பது மக்கள் குடியிருக்கும் ஊர்கள். வாசலில் காயும் மிளகையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் உள்ள காடுகளுக்கு மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு நுழைந்துவிடாதீர்கள். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அங்கே இருக்கிறது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகத்திலிருந்து யானைக் கூட்டங்களும் வரும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நினைவிருக்கும். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 முதல் வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பணம் கட்டிப் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குத்திராயன் சிகரமும் அதில் உண்டு. அது கடினமான ஏற்றம், முதல் மலையாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒகேனக்கல்லுக்குப் போவதென்றால் முந்தின நாள், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி தண்ணீர் வருகிறது என்று செய்தியில் பாருங்கள். நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். பரிசலில் ஏறும்போது லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி எல்லாவற்றையும் மாட்டுங்கள், நடுவில் எழுந்து நிற்காதீர்கள். தடை என்றால் பரிசல்காரரிடம் போய் "அண்ணா, ஒரே ஒரு ரவுண்டு" என்று கெஞ்ச வேண்டாம். சுடச்சுட மீன் வறுவல் கிடைக்கும், சாப்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்புங்கள்.