எந்த ஒலிப்பதிவு என்று கண்டுபிடிக்க நேரத்தைப் பாருங்கள்
மேற்கத்திய செவ்வியல் இசையில் உங்களுக்குப் பிடித்த ஒலிப்பதிவைத் தேடும்போது ஆண்டை நம்பாமல், மொத்தம் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரே கலைஞர் ஒரே படைப்பைப் பல முறை பதிவு செய்திருப்பார், இசைச் செயலிகளோ பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டைத்தான் காட்டும், அட்டைப்படமும் மாறியிருக்கும், ஆனால் ஒரு பதிவை எத்தனை முறை மறுவெளியீடு செய்தாலும் அதில் வாசித்த வேகம் மாறாது. பியானோ கலைஞர் கிளென் கூல்ட் வாசித்த, இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' என்ற படைப்பின் 1955 பதிவு சுமார் 38 நிமிடம், 1981 பதிவு சுமார் 51 நிமிடம் (இரண்டுமே அற்புதம், ஆனால் முற்றிலும் வேறு மனநிலை). நேரத்தைப் பார்த்து வாங்கினால் தவறான குறுந்தகட்டுக்குக் காசு போகாது. இசை நடத்துநர் கராயன் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் 1960, 70, 80களில் பதிவு செய்த இசையமைப்பாளர் பேத்தோவனின் சிம்பொனிகள் மாதிரி நேரம் நெருக்கமாக இருந்தால் இது உதவாது, அப்போது குறுந்தகட்டு உறைக்குள் இருக்கும் குறிப்பில் பதிவு செய்த தேதியைத்தான் பார்க்க வேண்டும்.