இடுப்பு மூட்டில் லேப்ரம் கிழிசலா? கையால் சோதித்துப் பார்க்கும் முறை

பிசியோதெரபி மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்குமான பதிவு இது. இடுப்பு மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஓடும் குருத்தெலும்பு வளையம்தான் லேப்ரம். அது கிழிந்திருக்கிறது என்று எந்தக் கைச்சோதனையும் அடித்துச் சொல்லாது. வலி மூட்டுக்குள்ளிருந்து வருகிறதா என்பதைத்தான் நாம் தேடுகிறோம்.

முதலில், வலிக்கும் இடத்தைக் கையால் காட்டச் சொல்லுங்கள். மூட்டுக்குள் கோளாறு இருப்பவர்கள் பெரும்பாலும் தொடையிடுக்கைத் தொடுவார்கள். சிலர் கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலுமாக இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடிப்பார்கள். கை ஆங்கில 'C' போல வளைவதால் இதுதான் 'சி' அடையாளம். புட்டத்தைக் காட்டினால் முதுகுத்தண்டையும் சேர்த்துப் பாருங்கள். குந்தி உட்காரும்போது வலிக்கிறதா, உள்ளே ஏதாவது 'க்ளிக்' என்கிறதா, மூட்டு சிக்கிக்கொள்கிறதா என்றும் கேளுங்கள்.

கீழே விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாதவரையும், காய்ச்சலோடு காலைத் தொடவே விடாதவரையும் முறுக்கிப் பார்க்காதீர்கள். எலும்பு முறிவோ மூட்டில் சீழோ இல்லை என்று முதலில் உறுதியாகட்டும்.

அப்புறம் நடக்கவிட்டுப் பாருங்கள், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். தூக்கிய கால் பக்கம் இடுப்பு சரிந்தால், ஊன்றிய பக்கத்துத் தசைகள் பலவீனம்.

இனி மல்லாந்து படுக்க வையுங்கள். காலை நீட்டியபடியே தொடையைப் பிடித்து உள்ளும் வெளியும் மெதுவாக உருட்டுங்கள். தசைக்கு அதிக வேலையில்லாத அசைவு என்பதால், இதிலேயே தொடையிடுக்கில் வலித்தால் மூட்டின் மேல் சந்தேகம் வலுக்கிறது.

அடுத்தது ஃபேடிர் (FADIR) சோதனை: மடக்கி, உட்பக்கம் கொண்டுபோய், உள்ளே சுழற்றுவது. வலியில்லாத காலில்தான் தொடங்க வேண்டும். இடுப்பையும் முழங்காலையும் 90 டிகிரி மடக்குங்கள். முழங்காலை எதிர்ப்பக்கத் தோளை நோக்கிக் கொண்டுபோய், தொடையை உட்பக்கம் சுழற்றுங்கள். புதியவர்கள் குழம்புவது இங்கேதான்: தொடை உள்ளே சுழல வேண்டுமென்றால் பாதம் வெளியே போக வேண்டும். உங்கள் கண் நோயாளியின் முகத்திலேயே இருக்கட்டும்; முகம் சுளித்ததும் நிறுத்துங்கள். பிறகு கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "நீங்க சொன்ன வலி இதுதானா?" நல்ல மூட்டிலும் இந்த நிலையில் லேசாகப் பிடிக்கும். அதனால் வலித்துவிட்டது என்பதை மட்டும் வைத்துக் கிழிசல் என்று எழுத முடியாது. வலிக்கவே இல்லையென்றால் சந்தேகம் நன்றாகவே குறைகிறது. என்னைக் கேட்டால், இதன் பெரிய பயனே அதுதான்.

மடக்கி, வெளிப்பக்கம் விரித்து, வெளியே சுழற்றும் ஃபேபர் (FABER) சோதனை எளிது. கணுக்காலை மற்ற முழங்காலுக்குச் சற்று மேலே வைத்து, எதிர்ப்பக்க இடுப்பெலும்பை ஒரு கையால் அழுத்திக்கொண்டு முழங்காலைப் படுக்கையை நோக்கித் தாழ்த்துங்கள். படுக்கைக்கும் முழங்காலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். முன்னால் வலித்தால் இடுப்பு மூட்டு. பின்னால், புட்டத்துக்கு மேலே வலித்தால் முதுகுத்தண்டின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டையும் யோசியுங்கள்.

சந்தேகம் நீடித்தால் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் படம் தெளிவாகத் தெரிய மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ. வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் லேப்ரம் கிழிசல் தெரியும் என்பதால் படத்தை மட்டும் நம்பவும் முடியாது. தொடை எலும்பும் மூட்டுக் கிண்ண விளிம்பும் உரசும் எஃப்ஏஐ (FAI) கோளாறுக்கு, பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எடுத்த 2016 வார்விக் உடன்பாடும் அறிகுறி, சோதனை, படம் மூன்றும் பொருந்த வேண்டும் என்றே கேட்கிறது.

கேஸ் ஷீட்டில் 'ஃபேடிர் பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். எந்தப் பக்கம், உட்சுழற்சி எத்தனை டிகிரி, வலி எங்கே, அது நோயாளி சொல்லி வந்த அதே வலிதானா என்பதையும் எழுதுங்கள்.