சிபாப் மெஷினை அப்புறம் பார்க்கலாம், முதலில் மாஸ்க்

"உங்களுக்கு ஸ்லீப் அப்னியா இருக்கிறது, இனி சிபாப் வைத்துத்தான் தூங்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் நாம் தேட ஆரம்பிப்பது மெஷினைத்தான். (தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோவதுதான் ஸ்லீப் அப்னியா; அதைத் தடுக்க மாஸ்க் வழியாகக் காற்றை அனுப்பும் மெஷின்தான் சிபாப்.) எது சத்தம் போடாது, எது சின்னது, எதில் என்ன வசதி என்று மணிக்கணக்கில் பார்ப்போம். மாஸ்க்கை மட்டும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நல்ல மெஷின்தான். ஆனால் மாஸ்க் பொருந்தாததால் பத்தே நாளில் அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. வேறு மாஸ்க் மாற்றிய பிறகுதான் எனக்குச் சிகிச்சையே தொடங்கியது. அதனால் இங்கே மாஸ்க்கை முன்னால் வைத்தே சொல்கிறேன்.

மெஷின் செய்யும் வேலை எளிமையானது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது. மெல்லிய அழுத்தத்தில் காற்றை அனுப்பி அது மூடாமல் பார்த்துக்கொள்கிறது மெஷின். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980-இல் இதை முதலில் செய்து பார்த்து, 1981-இல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் காற்று கசியாமல் இருக்க சிலிக்கோன் பசை வைத்து மூக்கோடு ஒட்ட வேண்டியிருந்தது. முகத்துக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள அந்த இடம்தான் அன்றும் சிக்கல், இன்றும் சிக்கல்.

படி 1: ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள்

ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூக்கத்தில் மூச்சைக் கவனிக்கும் பரிசோதனையின் ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை உங்கள் மூச்சு குறைந்தபட்சம் 10 விநாடி நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதன் கணக்கு அது. பெரியவர்களுக்கு 5 முதல் 15-க்குள் லேசானது, 15 முதல் 30-க்குள் நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் தீவிரம்.

அதோடு நிறுத்தாமல், உங்களுக்கு இருப்பது தொண்டை அடைப்பால் வருவதா, மூளையிலிருந்து மூச்சு விடச் சொல்லும் கட்டளை வராததால் வருவதா என்றும் பாருங்கள். இரண்டாவது வகையை 'சென்ட்ரல்' என்பார்கள். அது கணிசமாக இருந்தாலோ, இதயம் பலவீனமாக இருந்தாலோ மெஷின் வகையை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

படி 2: மூக்கா, வாயா?

மாஸ்க்கில் மூன்று வகை. மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க். மூக்குத் துவாரங்களின் வாயிலில் இரண்டு மெத்தென்ற முனைகளாக உட்காரும் நேசல் பில்லோ. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்.

"நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவன், எனக்கு ஃபுல் ஃபேஸ்தான்" என்று பலர் உடனே முடிவு செய்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். மூச்சு திணறுவதால்தான் பலருக்கு இரவில் வாய் திறக்கிறது. சிகிச்சை தொடங்கியதும் அது தானாகவே குறைவதுண்டு. ஃபுல் ஃபேஸ் மாஸ்க் முகத்தில் அதிக இடத்தைத் தொடுவதால் கசியவும் இடம் அதிகம். பட்டை தாடையைப் பின்னுக்குத் தள்ளினால் அடைப்பும் கூடலாம். முதலில் மூக்கு வழி மாஸ்க்கையே பார்க்கலாம் என்றுதான் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டியும் சொல்கிறது.

வாயை மூடிக்கொண்டு, உட்கார்ந்தபடி ஐந்து நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். சிரமமில்லை என்றால் நேசலோ பில்லோவோ சரி. மூக்கு எப்போதும் அடைத்தே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அதை முதலில் காட்டுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஃபுல் ஃபேஸ் போடுங்கள், தவறில்லை.

தாடி மீசை இருப்பவர்களுக்கு பில்லோ ஒத்துப்போகும். மூடிய இடத்தில் பயப்படுகிறவர்களுக்கும் அதுதான் நல்லது. ஆனால் அழுத்தம் அதிகம் தேவைப்பட்டால் சிலருக்கு பில்லோ மூக்குக்குள் எரிச்சல் தரும். புரண்டு புரண்டு படுப்பவர்கள் குழாய் உச்சந்தலையில் இணையும் மாடலைக் கேளுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: சில மாஸ்க்குகளின் கிளிப்பில் காந்தம் இருக்கும். பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருந்தால் அந்த மாஸ்க் வேண்டாம். பக்கத்தில் படுப்பவருக்கு இருந்தாலும் வேண்டாம்.

படி 3: படுத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி முன் நின்று போட்டால் எந்த மாஸ்க்கும் பொருந்தியது போலத்தான் தெரியும். படுத்ததும் கன்னத்துச் சதை பக்கவாட்டில் சரிந்து முகத்தின் வடிவமே மாறிவிடும். அதனால் விற்பவரிடம் கேட்டு, மெஷினோடு இணைத்து, உங்களுக்கான அழுத்தத்தில் காற்றை ஓடவிட்டுப் படுத்துப் பாருங்கள்.

பட்டைகளையெல்லாம் முதலில் தளர்த்திவிடுங்கள். மாஸ்க்கை முகத்தில் வைத்து, காற்று ஓடும்போதே லேசாக முன்னால் இழுத்து, மெதுவாகத் திரும்ப உட்கார வையுங்கள். சிலிக்கோன் விளிம்பு காற்றால் உப்பி, தோலோடு தானாகப் படியும். அப்புறம் பட்டைகளை இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பிப் படுத்து ஒவ்வொரு பக்கமும் சில நிமிடம் இருங்கள்.

இப்போது உள்ளங்கையை மாஸ்க்கின் ஓரங்களில் சுற்றிக் கொண்டுபோங்கள். முன்பக்கத்தில் சின்னச் சின்ன துளைகள் வழியாகக் காற்று வரும். அது கசிவு இல்லை, நீங்கள் வெளிவிடும் மூச்சு போவதற்கான வழி. அதை ஒருபோதும் அடைக்காதீர்கள். ஆனால் கண்ணுக்குக் கீழேயோ மூக்கின் பக்கத்திலோ காற்று பட்டால் அது கசிவுதான். உடனே பட்டையை இறுக்கத் தோன்றும். இறுக்கினால் விளிம்பு நசுங்கி இன்னும் மோசமாகும், காலையில் மூக்குத்தண்டில் சிவந்த தடமும் இருக்கும். எனக்கு நடந்தது இதுதான்: கசியக் கசிய இறுக்கிக்கொண்டே போனேன். கடைசியில் பார்த்தால், என் மாஸ்க் ஒரு சைஸ் பெரிது.

ஒரே மாஸ்க்கின் வெவ்வேறு சைஸ் குஷன்களை (முகத்தில் படியும் மெத்தென்ற பகுதி) கட்டாயம் போட்டுப் பாருங்கள். முதல் சில வாரங்களுக்குள் மாற்றித் தருவார்களா என்றும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 4: இனி மெஷின்

பெரும்பாலான மெஷின்கள் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை தரும். சாதாரண சிபாப் இரவு முழுக்க ஒரே அழுத்தத்தில் ஓடும். ஆட்டோ மாடல், டாக்டர் குறித்துக்கொடுத்த எல்லைக்குள் தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைக்கும். மல்லாந்து படுக்கும்போது ஓர் அளவும், ஒருக்களித்துப் படுக்கும்போது வேறோர் அளவும் தேவைப்படுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால், டாக்டர் மறுக்காவிட்டால் முதல் மெஷினுக்கு நான் ஆட்டோவையே சொல்வேன். அதை நிலையான அழுத்தத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். மூச்சை உள்ளிழுக்க ஓர் அழுத்தம், வெளிவிடக் குறைவான அழுத்தம் என்று தருவது பைபாப். அதை டாக்டர் எழுதிக்கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையர் அவசியம். அது இல்லாவிட்டால் மூக்கும் தொண்டையும் வறண்டுவிடும். அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தினமும் மாற்றுங்கள். மெஷினைத் தலையணை மட்டத்துக்குக் கீழே வையுங்கள், குழாயில் சேரும் ஈரம் முகத்துக்கு வராது. தூங்கும்வரை அழுத்தத்தைக் குறைவாக வைக்கும் 'ரேம்ப்' வசதி பெரும்பாலும் இருக்கும். முந்தைய இரவின் ஏ.எச்.ஐ., கசிவு, பயன்படுத்திய மணிக்கணக்கு மூன்றையும் காட்டுகிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பழைய மெஷின் மலிவாகக் கிடைத்தால் மாடலையும் சீரியல் நம்பரையும் சரிபாருங்கள். 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம், உள்ளே இருந்த ஒலிதடுப்பு ஃபோம் சிதையக்கூடும் என்பதால் ட்ரீம்ஸ்டேஷன் மாடலின் முதல் தலைமுறை உட்பட ஏராளமான மெஷின்களைத் திரும்பப் பெற அறிவித்தது.

படி 5: முதல் இரண்டு வாரம்

முதல் நாளே இரவு முழுக்கப் போட்டுத் தூங்கிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். பகலில் டி.வி. பார்க்கும்போதோ படிக்கும்போதோ மாஸ்க்கோடு அரை மணி நேரம் உட்காருங்கள். மதியம் கண்ணயர்ந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் தூக்கத்தில் கழற்றிவிட்டால், விழித்ததும் திரும்பப் போடுங்கள்.

மாஸ்க் குஷனை தினமும் காலையில் மெல்லிய சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். முகத்து எண்ணெய் படிந்தால் சிலிக்கோன் வழுக்கிக் கசியும். படுக்கும் முன் முகத்தையும் கழுவி, க்ரீம் தடவாமல் இருங்கள்.

இரண்டு வாரம் கழித்து எண்களைப் பாருங்கள். ஏ.எச்.ஐ. 5-க்குக் கீழே வந்திருந்தால் நன்றாகப் போகிறது. வரவில்லை என்றால் முதலில் கசிவின் அளவைப் பாருங்கள். கசிவு அதிகமென்றால் மாஸ்க்கை மாற்றுங்கள். கசிவு குறைவாக இருந்தும் ஏ.எச்.ஐ. இறங்கவில்லை என்றால் அந்த எண்களைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், அழுத்தத்தை அவர் மாற்றுவார்.